வேண்டுதல் தெரியாமல் மொழி தெரியாது

1905ஆம் ஆண்டு சியோலில் ஓர் ஆங்கில நூல் வெளியானது. கொரிய மொழியின் இலக்கணத்தைத் தமிழ் முதலான திராவிட மொழிகளின் இலக்கணத்தோடு ஒப்பிடும் நூல் அது. எழுதியவர் ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர். அவர் மொழியியல் பேராசிரியர் அல்லர். கொரிய அரசர் கோஜோங் தொடங்கிய அரசுப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிப்பதற்காக 1886இல், இருபத்துமூன்று வயதில், கப்பலேறி வந்தவர். திராவிட மொழிகளைப் பற்றி அறிய அவருக்குக் கைகொடுத்தது ராபர்ட் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணம். அந்த ஒப்பிலக்கணத்தின் பின்னால் இருப்பது லண்டன் நூலகம் அன்று. திருநெல்வேலிச் சீமையின் தேரிக்காட்டு ஓரத்து ஊரான இடையன்குடியில் கால்டுவெல் கழித்த ஆண்டுகள்தாம். கற்பிக்க வந்த இடத்தில் மாணவராக உட்கார்ந்த இரண்டு அந்நியர்களின் உழைப்பு, இப்படி இடையன்குடியிலிருந்து சியோல் வரை நீண்டது. வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கும் வேலையைப் பற்றி இன்று யோசிக்கும் நம் பட்டதாரிகள் பார்க்க வேண்டிய வரலாறு இதில் இருக்கிறது.

கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்கும் விசா நெடுங்காலமாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் குடிமக்களுக்கே உரியதாக இருந்தது. 2010 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய-கொரியப் பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம் அந்தக் கதவைச் சற்றே திறந்தது. ஆசிரியர் தகுதி பெற்ற இந்தியப் பட்டதாரிகள் கொரியப் பள்ளிகளுக்கு ஆங்கிலத் துணையாசிரியர்களாகச் செல்ல அது வழி செய்தது. கொரியமும் நம் பக்கம் வந்துகொண்டிருக்கிறது. ஹூண்டாய் 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தியைத் தொடங்கியது. சென்னையில் இந்திய-கொரியப் பண்பாட்டு மையமான இன்கோ 2006 முதல் இயங்குகிறது. அங்கே கொரிய மொழி வகுப்புகள் நடக்கின்றன. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளில் வழங்கத்தக்க அயல்மொழிகளின் பட்டியலில் கொரியத்தையும் சேர்த்தது. கொரியத் தொடர்களைப் பார்த்தே நாலு வார்த்தை பேசப் பழகிவிட்ட பிள்ளைகள் இன்று சிற்றூர்களிலும் இருக்கிறார்கள். ஆகவே, ஆங்கிலம் கற்பித்துக்கொண்டே கொரியம் கற்பது என்பது நமக்கு எட்டாத கனவு இல்லை.

இந்தக் கட்டுரையின் வாதம் ஒன்றுதான். பிற நாட்டில் மொழி கற்பிக்கப் போகிறவர் அந்நாட்டு மொழியைக் கற்றே ஆக வேண்டும். அந்தக் கல்வி இலக்கணத்தோடும் கடைவீதிப் பேச்சோடும் நின்றுவிட்டால் அரைகுறைதான். அந்த மக்கள் யாரிடம், எதை, எப்படி வேண்டிக்கொள்கிறார்கள் என்பதைக் காது கொடுத்துக் கேட்கத் தெரியும்போதுதான் அது நிறைவடையும். பிரார்த்தனையை இங்கே மதப் பிரச்சாரமாகவோ வெறும் சடங்காகவோ நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு மனிதர் தம் அச்சத்தையும் ஆசையையும் வெளிப்பூச்சு இல்லாமல் சொல்லும் இடம் அது. சந்தையில் பேரம் பேசலாம், அலுவலகத்தில் பாவனை செய்யலாம். வேண்டுதலில் அந்த வசதிகள் கிடையாது. அதனாலேயே ஒரு மொழியின் அடித்தளம் அங்கேதான் தட்டுப்படுகிறது.

முதலில், இப்படி ஒரு கட்டாயம் ஏன் என்பதைப் பார்ப்போம். ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவர் கையில், அவர் கேட்காமலே, ஓர் அதிகாரம் வந்து சேர்கிறது. அவர் பேசுவது சரி, எதிரில் இருப்பவர் பேசுவது திருத்தப்பட வேண்டியது என்ற ஏற்பாட்டோடுதான் வகுப்பறை தொடங்குகிறது. நாள் முழுவதும் பிறர் பிழைகளையே கேட்டுக்கொண்டிருப்பவர், அவர்களை அறிவு குறைந்தவர்களாக நினைக்கத் தொடங்க அதிக காலம் ஆகாது. நன்றாகப் பேசக்கூடிய ஐம்பது வயதுப் பெரியவர்கூட அந்நிய மொழியில் ஐந்து வயதுப் பிள்ளையாகத் தெரிவார். இதற்கு ஒரே மாற்று, மாலையில் அதே ஆசிரியர் இன்னொரு வகுப்பில் மாணவராக உட்காருவதுதான். அங்கே அவர் வாக்கியம் சிரிப்பை வரவழைக்கும். அவரைப் பத்து வயதுச் சிறுவன் திருத்துவான். அந்த அனுபவத்தின் ஈரம் மறுநாள் காலை வகுப்பறைக்குள் அவரோடு வரும்.

இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. தென் தமிழகக் கடற்கரை நானூறு ஐநூறு ஆண்டுகளாகக் கண்ட உண்மை இது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களை வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருவில் இறங்கி, பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். பாராட்டத்தக்க உழைப்புதான். ஆனால் மனப்பாடத்தின் எல்லை எது என்பதை அவரே கண்டுகொண்டார். விசுவாசப் பிரமாணத்தில் நம்புகிறேன் என்ற பொருள் வர வேண்டிய இடத்தில் வேண்டும் என்ற சொல் புகுந்திருப்பதை, 1544 மார்ச்சில் தம் சகப் பணியாளருக்கு எழுதிய கடிதத்தில் எடுத்துக்காட்டித் திருத்தச் சொல்கிறார். அதுவரை கற்பித்தவருக்கும் கற்றவருக்கும் இடையே ஒரு பிழை பக்தியோடு ஒலித்துக்கொண்டிருந்தது. ஒலியைக் கற்றவர் மொழியைக் கற்றவராகிவிட மாட்டார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அடுத்து வந்தவர்கள் அந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டார்கள். போர்ச்சுக்கீசியரான அன்றிக் அடிகளார் புன்னைக்காயலில் தங்கித் தமிழை முறையாகக் கற்றார். தம்மைப் போன்ற அந்நியர்களுக்காக இலக்கணக் குறிப்பும் எழுதினார். 1578இல் கொல்லத்தில் அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானது. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல், பதினாறே பக்கம் கொண்ட ஒரு ஜெபநூல் என்பது கவனிக்கத்தக்கது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஒருபடி மேலே போனார். திண்ணைப் பள்ளி ஆசிரியரை அழைத்து, சிறுவர்களோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துகளைக் கற்றார். பிறகு இவ்வூர் மக்கள் எந்தெந்தத் தெய்வத்தை எப்படி வணங்குகிறார்கள் என்பதைக் கேட்டுத் தொகுத்து 1713இல் ஒரு பெரிய நூலாக எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். ஹாலேயில் இருந்த அவருடைய மேலவர்கள் அதை அச்சிட மறுத்துவிட்டார்கள். பிற சமயத்தை ஒழிக்க அனுப்பிய ஆள் அதைப் பற்றியே விரிவாக எழுதுவதை அவர்களால் ஏற்க முடியவில்லை. அந்த நூல் 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. பிறர் வேண்டுதலைக் கேட்கத் தொடங்குகிறவர், அனுப்பியவர்களின் கணக்கை மீறிப் போய்விடுவார் என்பதையே அந்த மறுப்பு காட்டுகிறது.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் திருநெல்வேலிச் சீமையிலேயே சான்று உண்டு, அது கால்டுவெல். 1838இல் சென்னைக்கு வந்து, 1841இல் இடையன்குடியில் குடியேறியவர். தமிழின் தனித்தன்மையை உலகுக்கு எடுத்துச்சொன்னவர். அவருடைய இலக்கண அறிவை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதே கால்டுவெல் 1849இல் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி எழுதிய சிறு நூலில், அந்த மக்களையும் அவர்களுடைய தெய்வங்களையும் மேலிருந்து நோக்கினார். சுடலைமாடன், இசக்கி போன்ற தெய்வங்களின் வழிபாட்டைப் பேய் வழிபாடு என்ற பெட்டிக்குள் போட்டு மூடினார். அந்தச் சமூகம் கொதித்தது. எதிர்ப்பு பல்லாண்டுகள் நீடித்தது. வேர்ச்சொல் வரை கற்ற ஒருவர், பக்கத்து வீட்டுக்காரர் கொடைவிழாவில் எதற்காக அழுகிறார் என்பதைக் கேட்கவில்லை. பொருள்கள், வேற்றுமைகள், விகுதிகள் எல்லாம் பிடிபட்டன, வேண்டுதல் பிடிபடவில்லை. கால்டுவெல்லின் பெருமையைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. மொழியறிவு தானாகவே மரியாதையைக் கொண்டுவந்துவிடாது என்பதற்கு, அவ்வளவு பெரிய அறிஞரே சாட்சியாக நிற்கிறார்.

அவருக்கு ஓராண்டு பின்னால் 1839இல் தமிழகத்துக்கு வந்த ஜி.யு. போப் வேறு வழியில் போனார். அவரும் ஆசிரியர்தான், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துச் சாயர்புரத்தில் கல்விக்கூடம் நடத்தியவர், பின்னாளில் ஆக்ஸ்போர்டில் தமிழ் கற்பித்தவர். 1886இல் திருக்குறளை ஆங்கிலத்தில் தந்தார். 1900இல், எண்பதாவது வயதில், திருவாசகத்தை மொழிபெயர்த்து வெளியிட்டார். திருக்குறள் எந்தச் சமயத்தாரும் ஏற்கும் அறநூல்; அதை ஒரு பாதிரியார் மொழிபெயர்த்ததில் வியப்பில்லை. திருவாசகம் அப்படிப்பட்டதன்று. அது சிவனை நோக்கி ஒருவர் உருகிக் கேட்கும் பிரார்த்தனை. அதை மொழிபெயர்க்க, பிறர் இறைவனிடம் பேசும் பேச்சுக்குள் நுழைய வேண்டும். அது உண்மையான பேச்சுதான் என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டும். போப் தம் சமயத்தை விட்டுவிடவில்லை; சிவனடியாராகவும் மாறவில்லை. ஆயினும் சைவர்கள் அவரை இன்றும் தம்மவராக நினைக்கிறார்கள் என்றால், ஆறு பதிற்றாண்டுகளாகத் தமிழ் கற்றவர் கடைசியில் வந்து சேர்ந்த இடம் அது என்பதால்தான்.

இனி ஹல்பர்ட். சியோல் அரசுப் பள்ளியில் அவருடைய மாணவர்கள் உயர்குடியினர் வீட்டுப் பிள்ளைகளும் அதிகாரிகளும். ஆங்கிலம் அவர்களுக்குப் பதவிக்கான படிக்கட்டு. அந்த வகுப்பை மட்டும் நடத்திச் சம்பளம் வாங்கிக்கொண்டு அவர் ஊர் திரும்பியிருக்கலாம். ஆனால் அரசர் சேஜோங் 1446இல் அறிமுகப்படுத்திய ஹங்குல் எழுத்தைப் படித்தவர்களே இழிவாக எண்ணுவதைக் கண்டார். சீன எழுத்து தெரிந்தவரே கற்றவர் என்ற நிலை அன்று இருந்தது. ஹல்பர்ட் கொரியம் கற்று, உலக நாடுகளைப் பற்றிய பாடநூல் ஒன்றை ஹங்குலிலேயே எழுதினார். அறிஞருக்கும் பாமரருக்கும் தெரிந்திருக்க வேண்டியவை என்பது அதன் தலைப்பின் கருத்து. பின்னர் 1893இல் மெதடிஸ்ட் ஊழியராகத் திரும்பிவந்து ஆங்கிலம், சீனம், கொரியம் ஆகிய மூன்று மொழிகளிலும் அச்சிடும் அச்சகத்தை நடத்தினார். 1896இல், சாதாரண மக்களின் வாயில் புழங்கிய ‘அரிராங்’ பாட்டை முதன்முதலாக மேற்கத்திய இசைக்குறியீட்டில் பதிவு செய்தார். ஜப்பான் கொரியாவை விழுங்க முனைந்தபோது, 1905இல் கோஜோங்கின் கடிதத்தை எடுத்துக்கொண்டு வாஷிங்டன் போனார்; 1907இல் ஹேக் அமைதி மாநாட்டை ஒட்டியும் கொரியாவுக்காக வாதாடினார். 1949இல், எண்பத்தாறு வயதில், கொரிய அரசின் அழைப்பை ஏற்று வந்து சேர்ந்த சில நாட்களில் சியோலில் இறந்தார். யாங்ஹ்வாஜின் கல்லறையில் அடக்கமானார். ஆங்கில வாத்தியாராக வந்தவரை ஒரு நாடு இப்படி நினைவில் வைத்திருப்பதற்கு அவர் கற்பித்த ஆங்கிலம் காரணமில்லை. கற்ற கொரியம்தான் காரணம்.

இன்றைய கொரியாவில் ஓர் ஆங்கில ஆசிரியர் கேட்க வேண்டிய வேண்டுதல் எது? நவம்பர் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை அதற்கு விடை கிடைக்கும். கல்லூரி நுழைவுக்கான ‘சூநுங்’ தேர்வு அன்றுதான் நடக்கிறது. தேர்வர்கள் நெரிசலில் சிக்காமல் இருக்க அலுவலகங்கள் ஒரு மணி நேரம் தாமதமாகத் திறக்கும். ஆங்கிலத் தேர்வில் காதால் கேட்டு விடையளிக்கும் பகுதி நடக்கும் அரைமணி நேரத்துக்கும் சற்று அதிகமான வேளையில், நாடு முழுவதும் விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் நிறுத்தப்படும். ஓர் அந்நிய மொழியைப் பிள்ளைகள் தெளிவாகக் கேட்பதற்காக வானமே மௌனம் காக்கிறது என்றால், அந்த மொழியின் மேல் ஏற்றப்பட்டிருக்கும் சுமை எவ்வளவு என்று யோசித்துக்கொள்ளலாம். தேர்வு நெருங்கும் வாரங்களில் தேகு நகரை ஒட்டிய பல்கோங் மலையில், தலையில் கல் தொப்பி அணிந்த கட்பாவி புத்தரை நோக்கி அம்மாக்கள் ஏறுகிறார்கள். மனமுருகிக் கேட்டால் ஒரு வேண்டுதலையாவது நிறைவேற்றுவார் என்பது நம்பிக்கை. நூறு நாள் விரதமாகத் தினமும் வணங்குவோர் உண்டு; நூற்றெட்டு முறை விழுந்து எழுவோர் உண்டு. தேவாலயங்களில் பொழுது புலருமுன்பே ஜெபக் கூட்டம் நடக்கிறது. 1907இல் பியோங்யாங் நகரில் எழுந்த கிறிஸ்தவ எழுப்புதல் காலத்தோடு சேர்த்துப் பேசப்படும் வழக்கம் அது. அங்கும் தேர்வெழுதும் பிள்ளைகளின் பெயர்கள் ஒலிக்கின்றன. இவற்றை அறியாத ஆசிரியருக்கு, வகுப்பில் தூங்கி வழியும் மாணவன் சோம்பேறியாகத் தெரிவான். அறிந்தவருக்கு, இரவு பத்து மணி வரை தனிப்பயிற்சி மையத்தில் இருந்துவிட்டு, ஒரு குடும்பத்தின் வேண்டுதல் முழுவதையும் தோளில் சுமந்து வந்திருப்பவனாகத் தெரிவான். பாடம் அதேதான், அதை நடத்தும் விதம் மாறிவிடும்.

இது நமக்கு விளங்காத சங்கதி இல்லை. ஒரு வெளிநாட்டவர் ஆங்கிலம் கற்பிக்கச் சங்கரன்கோவிலுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தமிழ் இலக்கணம் முழுவதும் அவருக்கு அத்துப்படி. ஆனால் ஆடித்தபசுக்கு மாவட்டமே ஏன் விடுமுறை விடுகிறது என்று அவருக்குத் தெரியாது. சங்கரனும் நாராயணனும் ஒரே உருவில் காட்சி தர வேண்டும் என்று கோமதி அம்மன் தவமிருந்த கதையை அவர் கேட்டதில்லை. கொடியேறிய பிறகு ஆடிச்சுற்று என்று நூற்றுக்கணக்கான முறை கோயிலை வலம்வரும் பெண்களை அவர் உடற்பயிற்சிக் கண்ணோடு பார்ப்பார். தபசுக் காட்சியில் கரிசல்காட்டு விவசாயிகள் பருத்தியையும் வத்தலையும் சூறைவிடும்போது அது அவருக்கு வீண் செலவாகப் படும். புற்றுமண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு பள்ளிக்கு வரும் பிள்ளையிடம் சுகாதாரம் பற்றிப் பாடம் எடுப்பார். இவருக்குத் தமிழ் தெரியும் என்று நம் ஊரார் ஒப்புக்கொள்வார்களா? மழை தப்பிய வருடத்தில் என்ன கேட்கிறோம், தறி நின்ற மாதத்தில் என்ன கேட்கிறோம், பிள்ளை பரீட்சைக்குப் போகும் காலையில் என்ன கேட்கிறோம் என்பது தெரியாதவருக்கு நம்மைத் தெரியாது என்றே சொல்வார்கள். அந்த நியாயத்தைக் கொரியாவுக்குப் போகும் நம்மவர்மேலும் வைத்துப் பார்ப்பதுதான் முறை.

பிரார்த்தனையைக் கவனிப்பது மொழிப் பாடத்துக்கும் நேராக உதவும். கொரியத்தில் யாரிடம் பேசுகிறோம் என்பதைப் பொறுத்து வினைமுடிவே மாறும். நண்பனுக்கு ஒன்று, முன்பின் அறியாதவருக்கு ஒன்று, மேலவருக்கு ஒன்று. நீ என்று நேரடியாகச் சுட்டுவதைத் தவிர்த்து, உறவு அல்லது பதவியைச் சொல்லியே அழைப்பது அங்கே மரியாதை. இறைவனிடம் பேசும்போது அன்றாடப் பேச்சில் வழக்கொழிந்துபோன மிக உயர்ந்த மரியாதை முடிவுகள் ஒலிக்கும். தமிழில் நிலைமை நேர்மாறு. வாத்தியாரை நீங்கள் என்கிறோம். அவரைப் படைத்தவனை நீ என்கிறோம். தேவாரம் பாடியவர்களும் ஆழ்வார்களும் அப்படித்தான் அழைத்தார்கள். கோமதி சன்னிதியில் நிற்கும் பாட்டியும் அப்படித்தான் அழைக்கிறாள். தமிழ்க் கிறிஸ்தவ ஜெபங்கள் நீர், உம்மை என்ற நடுவழியை எடுத்துக்கொண்டன. நெருக்கம் காட்டி இறைவனை அணுகும் வழக்கத்திலிருந்து போகிறவர், பணிவு காட்டி அணுகும் வழக்கத்தைக் காதால் கேட்கும்போது, மரியாதை விகுதிகளின் அட்டவணை உயிர்பெற்றுவிடும். எந்த முடிவு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைப் பாடநூலைவிட விரைவில் அங்கே கற்றுக்கொள்ளலாம்.

இந்த வாதத்துக்கு எதிர்வாதங்கள் உண்டு. முதலாவது, தொழில்முறையானது. ஆங்கில வகுப்பில் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என்றுதானே வெளிநாட்டவரை அழைக்கிறார்கள், ஆசிரியருக்குக் கொரியம் தெரிந்தால் மாணவர்கள் அதிலேயே ஒதுங்கிக்கொள்வார்கள் அல்லவா என்று கேட்பார்கள். வகுப்பில் எதைப் பேசுவது என்பது வேறு, ஆசிரியருக்கு எது தெரிந்திருக்க வேண்டும் என்பது வேறு. கொரியத்தில் எஃப் ஒலி இல்லை. அங்கே காபியின் எஃப் பகரமாக மாறும், நாம் காப்பி என்பது போலவே. ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் வரும் ஏ, தி போன்ற சொற்களுக்கு நிகரானவை கொரியத்திலும் இல்லை, தமிழிலும் இல்லை. வினை கடைசியில் வருவதும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும் இரண்டுக்கும் பொது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஆசிரியருக்கு ஒரு பிழை நடந்தது தெரியும். கொரியம் கற்ற தமிழ் ஆசிரியருக்கு அது எங்கிருந்து புறப்பட்டது என்பதும் தெரியும். அந்தப் பிழையை அவரே ஒரு காலத்தில் செய்தவர். இரண்டாம் மொழியாக ஆங்கிலம் கற்றது நம்மவர்களுக்கு ஒரு குறை என்று நினைப்பவர்கள், இந்தக் கோணத்திலிருந்து மறுபடி யோசிக்கலாம்.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் வலுவானது. 2015ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கொரியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தமக்கு மதமில்லை என்றே பதிவு செய்தார்கள். அப்படிப்பட்ட நாட்டில் பிரார்த்தனையை மொழியறிவின் உரைகல்லாக வைப்பது பொருந்துமா? மேலும், பிறர் வழிபாட்டுக்குள் ஒரு வாத்தியார் ஏன் மூக்கை நுழைக்க வேண்டும்? எண்ணிக்கையை நான் மறுக்கவில்லை. ஆனால் மதம் இல்லை என்று எழுதிய வீட்டிலும் சூசோக் திருநாளில் முன்னோருக்குப் படையல் வைக்கும் வழக்கம் உண்டு. கட்பாவி ஏறுகிறவர்கள் எல்லோரும் பௌத்தர்களும் அல்லர். வேண்டுதல் என்பது மதத்தின் எல்லைக்கு வெளியேயும் நடக்கிறது. மூக்கை நுழைப்பது பற்றிய எச்சரிக்கை நியாயமானது. அதனாலேயே கேட்பது என்ற சொல்லை இந்தக் கட்டுரை முழுவதும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். விசாரிப்பதும் தீர்ப்புச் சொல்வதும் தம் கடவுளை அறிமுகப்படுத்துவதும் கேட்பதாகாது. அழைத்தால் போய், ஓரமாக நின்று, என்ன நடக்கிறது என்பதைக் கவனித்துத் திரும்புவது போதும்.

மூன்றாவதாக, நான் காட்டிய சான்றுகள் அனைத்தும் மிஷனரிகளே, அவர்கள் மொழி கற்றது மதமாற்றத்துக்கும் பேரரசின் நிழலில் கிடைத்த வசதிக்கும்தானே என்று கேட்கலாம். நோக்கம் அதுதான்; மறைக்கத் தேவையில்லை. சீகன்பால்கின் நூல் முடக்கப்பட்டதும், கால்டுவெல்லின் சிறு நூல் கிளப்பிய கோபமும் இந்தக் கேள்வியின் நியாயத்தையே காட்டுகின்றன. ஆனால் நோக்கம் ஒன்றாக இருந்தும் விளைவுகள் ஏன் இவ்வளவு வேறுபட்டன என்பதையும் விளக்கியாக வேண்டும். சவேரியாருக்கு ஓசை வாய்த்தது, கால்டுவெல்லுக்கு இலக்கணம் வாய்த்தது, போப்புக்குத் திருவாசகம் வாய்த்தது. எதைக் கேட்கத் தயாராக இருந்தார்கள் என்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்று சம்பளத்துக்குப் போகிறவரின் நோக்கம் இன்னும் எளிமையானது; ஆகவே கேட்பதும் அவருக்கு எளிதாகவே இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. கொரியமும் தமிழும் உறவுடையவை என்ற ஹல்பர்ட்டின் முடிவு சரியில்லையே என்று விவரமறிந்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான், கொரியமும் தமிழும் ஒரே குடும்பம் என்பதை இன்றைய மொழியியலாளர்கள் ஏற்பதில்லை. அவர் கண்ட ஒற்றுமைகள் ஜப்பானியம், மங்கோலியம், துருக்கியம் எனப் பல மொழிகளிலும் காணப்படுபவை. அம்மா, அப்பா போன்ற அழைப்புகள் உறவே இல்லாத மொழிகளிலும் ஒத்துப்போகும். இந்த உறவுத் தேடல் கதைகளிலும் நடக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கொரிய நூலான ‘சம்குக் யூசா’, ஆயுத நாட்டு இளவரசி ஒருத்தி கடல்கடந்து வந்து சூரோ அரசரை மணந்ததாகச் சொல்கிறது. அவளை அயோத்திக்காரியாக்க ஒரு கூட்டமும் தமிழச்சியாக்க இன்னொரு கூட்டமும் மல்லுக்கட்டுகின்றன. ஹல்பர்ட்டின் கருதுகோள் சரிந்தாலும் அவர் கொரியத்துக்குக் கொடுத்த ஆண்டுகள் வீணாகவில்லை. நமக்கு அந்தச் சரிவில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. கொரியத்தில் தமிழைத் தேடிக்கொண்டே போகிறவர், போன இடத்திலும் தம் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார். ஒற்றுமை ஆரம்பப் பாடத்தை எளிதாக்கும். வேற்றுமையைக் கேட்பதற்குத்தான் ஆசிரியர் அங்கே போகிறார்.

ஓராண்டு ஒப்பந்தத்துக்கு இவ்வளவு பாடா என்ற கேள்வி மிஞ்சும். ஹங்குலின் அடிப்படை எழுத்துகள் இருபத்துநான்கு. இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளைக் கற்ற தமிழ்ப் பிள்ளைக்கு அது ஒரு வார வேலை. மரியாதை முடிவுகளுக்குச் சில மாதங்கள் ஆகும். கட்பாவி மலைக்கு ஒரு விடுமுறை நாள், விடியல் ஜெபத்துக்கு ஒரு காலை, சூசோக்குக்கு ஒரு வீட்டு அழைப்பு, நவம்பர் வியாழனில் பள்ளி வாசலில் நிற்க ஒரு மணி நேரம் ஆகியவை எந்த ஒப்பந்தக் காலத்துக்குள்ளும் அடங்கும். இதற்கு யாரும் சான்றிதழ் தரப்போவதில்லை, சம்பளத்திலும் கூட்டித் தரப்போவதில்லை. வேலைக்கு எடுப்பவர்கள் ஆங்கிலத்தை மட்டும்தான் சோதிப்பார்கள். எனவே இதைச் செய்வதா வேண்டாமா என்பதை ஆசிரியரேதான் முடிவு செய்ய வேண்டும். இருங்காட்டுக்கோட்டைக்கு வேலைக்கு வரும் கொரியரிடமும், நம் ஊர்ப் பட்டறைகளுக்கு வரும் வடமாநிலத்தாரிடமும் தமிழ் கற்றுக்கொள்ளுங்கள் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அந்த எதிர்பார்ப்பு நியாயமாக இருக்க வேண்டுமென்றால், வெளியே போகும் நம்மவர் அதை முதலில் நிறைவேற்றிக் காட்டியிருக்க வேண்டும்.